லூபிசாவ் தலையில ஏறின செருப்பு

பொண்டாட்டியோட கம்பளிச் செருப்ப வெட்டி தலையில மாட்டிக்கிட்டான், அதப் பாத்துட்டு அவ கோவிச்சுக்கிட்டு திரும்ப ஆஸ்திரியாவுக்கே பஸ் ஏறிட்டா. எங்க ஊரு லூபிசாவப் பத்தி பேக்கரியில இப்பிடித்தான் பேச்சு. சலூனுக்குப் போனா, அந்தச் செருப்பாலயே ரெண்டு வாங்கினதாவும் சேத்துக்கறாங்க. நான் மிலோயே. டான்யூப் கரையில மீன் சாப்பாட்டுக் கடை வெச்சிருக்கேன். ஒருத்தன் தும்முனா அடுத்த தெருவுல காய்ச்சல்னு சொல்ற ஆளுதான் நான். ஆனா இந்த விஷயத்துல பக்கத்துலயே நின்னு பாத்தேன், அதனால நடந்தத மட்டும் சொல்றேன்.

லூபிசாவ நான் அண்ணன்னுதான் கூப்புடுவேன். அவரு கார் டிங்கர். நசுங்கின கதவு, முட்டின பானெட்டு, இதுதான் பொழப்பு. எங்க ஊருக்கு அடியில ரோமன் பட்டாளம் தங்கின முகாம் இருக்கு. மொளகா நாத்து நட குழி வெட்டினா அவங்க செங்கல்லு வரும். போன வருஷம் ஜல்லி அள்ற படகுல ஒரு ஹெல்மெட் மாட்டுச்சு. பாதி மண்டை, பின்கழுத்துத் தகடு, ஒரே ஒரு கன்னத் தகடு, எல்லாம் துரு. மியூசியத்து அம்மா அத எடுத்துக்கிட்டு அண்ணன்கிட்ட வந்தாங்க. இதே மாதிரி புதுசு ஒண்ணு அடிச்சுத் தாங்கன்னாங்க.

பழசத் தட்டி நிமித்தக் கூடாதாம். அளவெடுத்து அட்டையில வெட்டி, அட்டையத்தான் நிமித்துனாரு. இல்லாத கன்னத்துக்கு இருக்கற கன்னத்தத் திருப்பிப் போட்டு வரைஞ்சாரு. அப்புறம் இரும்பப் பழுக்கக் காய்ச்சி, தட்டி, திரும்பக் காய்ச்சி, தெரு முழுக்க டங்கு டங்குன்னு ஒரே சத்தம். அழகா வந்துச்சு. ஆனா உள்ள என்ன வெச்சுத் தெச்சிருந்தாங்கன்னு யாருக்கும் தெரியல, அதெல்லாம் ஆத்துல மக்கிப் போச்சு. "உள்ள காலியாவே விடுங்க, கெடைக்காதத நாம சேக்கக் கூடாது"ன்னாங்க அந்த அம்மா.

"வெறும் சட்டிய எவன் தலையில கவுத்துப்பான்?"னு கேட்டாரு அண்ணன்.

கடைசியில ரெண்டு செய்யறதுன்னு முடிவாச்சு. ஒண்ணு கண்ணாடிப் பெட்டிக்கு, காலியா. இன்னொண்ணு திருவிழாவுல ரோமன் வேஷம் கட்டி சண்டை போடற பசங்களுக்கு. அதுக்கு உள்ள அண்ணன் இஷ்டம்.

அன்னைலேர்ந்து அவரு அதப் போட்டுக்கிட்டே அலைஞ்சாரு.

"ஏண்ணே, ரொட்டி வாங்கறதுக்கு சண்டைக்குப் போற மாதிரியா வர்றது?"

"ஒரு நாள் முழுக்கப் போட்டாத்தான்டா எங்க குத்துதுன்னு தெரியும்."

வைக்கோல் வெச்சாரு, கழுத்தெல்லாம் தடிப்பு. கார் சீட்டு ஸ்பான்ஜ் வெச்சாரு, தலையாட்டினா தொப்பி மட்டும் தனியா ஆடுச்சு. ஆட்டு முடி வெச்சப்ப பஸ்ல அவரு பக்கத்து சீட்டு காலி.

"நாத்தம் தாங்காம ஒருத்தனும் உக்காரலண்ணே."

"இதுக்கு முன்னாடி மட்டும் உக்காந்தாங்களா?"ன்னாரு. நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல.

அவரு சம்சாரம் தேசாங்கா ஆஸ்திரியாவுல லின்ஸ்ங்கற ஊர்ல ஒரு கெழவியப் பாத்துக்கற வேலைக்குப் போயி மூணு வருஷம் ஆச்சு. ஞாயித்துக்கெழம போன் வரும். சாப்பிட்டியா, விறகு இருக்கா, அவ்வளவுதான். வாசல்ல அவங்க வீட்டுக்குள்ள போடற செருப்பு, தடிமனான கம்பளிய அடிச்சு இறுக்கினது, ஓரத்துல செவப்பு நூல் பூ, மூக்கு உள்பக்கம் பாத்து அப்பிடியே இருக்கும். கூட்டறப்பகூட அண்ணன் அத நகத்த மாட்டாரு, சுத்திதான் கூட்டுவாரு.

இந்தத் தடவ போன்ல, "வீட்டுச் சாமி நாளுக்கு வர்றேன். இருக்கறதா போறதான்னு வந்து சொல்றேன்"னுட்டாங்க. அண்ணன் அத என்கிட்ட ரெண்டு தடவ சொன்னாரு.

அதுக்கு அடுத்த வாரம் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஹெல்மெட்டக் கழட்டாம என் கடையிலயே உக்காந்திருந்தாரு. ஒரு சொறி இல்ல, ஒரு முனகல் இல்ல. கழட்டி மேசையில மல்லாத்தி வெச்சப்ப உள்ள எட்டிப் பாத்தேன். சாம்பக் கலர் கம்பளி. செவப்புப் பூ.

"அண்ணே, இது அவங்க செருப்பாச்சே."

"நல்லா உக்காருது."

"வர்றாங்களே. வாசல்ல தேடுவாங்களே."

"தேடட்டும்"னு சூப்பக் குடிச்சாரு.

அவங்க வீட்டுச் சாமி புனித நிக்கோலா. அந்த நாள் அன்னைக்கு ஊரே அவரு வீட்டுல. யாரையும் கூப்புடறதில்ல, தானா வருவாங்க. நான் கெண்ட மீன் கொண்டு போனேன். மெழுகுவத்தி எரியுது, சக்கர போட்டு வேக வெச்ச கோதும தட்டுல கை மாறி வருது. பஸ் சத்தம் கேட்டதும் அண்ணன் வாசலுக்குப் போயிட்டாரு. செருப்பு இருந்த எடத்துலயே ஹெல்மெட்ட வெச்சிருந்தாரு, பூ வெளிய தெரியற மாதிரி மல்லாத்தி.

தேசாங்கா வந்தாங்க. "இளைச்சுட்ட"ன்னாங்க. பூட்ஸக் கழட்டினாங்க. அண்ணன் அவங்க மூஞ்சியப் பாக்கல, காலையே பாத்துக்கிட்டு நின்னாரு. அவங்க பையோட ஜிப்பத் தெறந்து, பிளாஸ்டிக் கவர்லேர்ந்து ஒரு ஜோடி நீலச் செருப்ப எடுத்துப் போட்டுக்கிட்டாங்க. பூட்ஸ் வைக்க எடம் வேணும்னு ஹெல்மெட்ட ஓரமா நகத்துனாங்க. "மியூசியத்துதா? நல்லாருக்கே"ன்னாங்க. "மிலோயே தம்பி, கடை எப்பிடிப் போவுது?"ன்னு என்னையும் கேட்டுட்டு உள்ள போயிட்டாங்க.

எல்லாருக்கும் அவங்கதான் பரிமாறினாங்க, பாத்திரமும் கழுவினாங்க. மூணாம் நாள் நீலச் செருப்ப அதே கவர்ல போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டாங்க. அண்ணன் பை தூக்கிக்கிட்டு ஸ்டாப் வரைக்கும் போயிட்டு வந்தாரு.

பேக்கரிப் பேச்சு அவரு காதுக்கு எட்டலன்னு நெனச்சு, நானே ஒரு நாள் மீன் வெக்கறப்ப ஆரம்பிச்சேன். "செருப்ப வெட்டினதாலதான் அவங்க கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்கன்னு ஊரே பேசுதுண்ணே."

அவரு முள்ள எடுத்துத் தட்டு ஓரமா வெச்சாரு.

"கேப்பா, திட்டுவான்னுதான்டா அங்க வெச்சேன். திட்டியிருந்தா இருந்திருப்பா. பேக்கரியில போய் சொல்லு, அவ கோவிச்சுக்கல. செருப்பத் தேடவே இல்ல."