ஓடையில் விட்ட பாய்

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள் தோழிகளே. என் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு இப்போதுதான் சற்று நின்றது.

இங்கே ஊரே குளத்துத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. கயிறு திரிக்கத் தேங்காய் மட்டையை, இங்கே கதம்பை என்பார்கள், ஊறப்போடும் குழியால் அது கெடுகிறதோ என்று, இன்று குளத்துக்கு வரும் ஓடையோரமாகவே மேலே நடந்து பார்த்தேன். குழித்தண்ணீர் ஓடையில் கலக்கவே இல்லை.

இன்னும் மேலே, பக்கத்துத் தெரு தங்கம்மை ஒரு சின்னப் பாயை ஓடையில் விட்டுக்கொண்டிருந்தாள். நேற்று வாந்திபேதியில் போன மகள் கிடந்த பாய். அந்தப் பிள்ளையின் துணிகளையும் இத்தனை நாள் அங்கேதான் அலசியிருக்கிறாள்.

"ஓடுத தண்ணியில விட்டாத்தான் பிள்ளைக்கு நல்ல கதி கிட்டும் அக்கா" என்றாள். பிறகு, "ஒங்க பிள்ளைக்கும் வயித்தால போச்சுதாமே, இப்பம் கொறஞ்சுதா?" என்று கேட்டாள்.

"கொறஞ்சிட்டு மக்கா" என்றேன். அப்படியே ஊருக்குத் திரும்பினேன்.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று வீடுவீடாகச் சொல்லி வந்தேன். ஏன் என்று கேட்டவர்களிடம், தங்கம்மையைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், கதம்பைக் குழி என்று சொல்லிவிட்டேன். குழிக்காரர் இனி என் முகத்தில் விழிக்கமாட்டார்.

தெருவில் இன்னும் சில பிள்ளைகள் நோயில் கிடக்கிறார்கள். அவர்கள் துணியும் அந்த ஓடைக்குத்தான் போகும். தங்கம்மை மனம் உடையாமல், துணியை ஓடையில் அலசாதீர்கள் என்று தெருவில் எப்படிச் சொல்வது? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.