ஞானமலரின் ஒப்பாரிக்கு எழுத்து

முள்ளியவளையில் கல்யாணவீடோ செத்தவீடோ, கொலின்ஸின் வீடியோக் கமரா வராவிட்டால் அது நடந்ததாகவே கணக்கில்லை. கரண்ட் இல்லாத காலம். மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர் ஒன்றை வைத்துக்கொண்டு, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கசெற் கசெற்றாகப் படம்பிடித்து அனுப்புவதே அவன் பிழைப்பு. ஆளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கடலுக்குப் போய் மாண்ட இராயப்புவை அடக்கம் செய்த மறுகிழமை, மனைவி ஞானமலர் வந்து நின்றார்.

"தம்பி, மகன் நிறோஜன் ஜேர்மனியில இந்தச் செத்தவீட்டுப் படத்தைப் பாக்கப்போறான். அவனுக்குப் பிறவியிலயே காது கேளாது. என்ர வாயைப் பாத்துத்தான் கதை விளங்கிறவன். நான் பாவி, வாயைப் பொத்திக்கொண்டெல்லோ அழுதிட்டன். தேப்பனுக்கு என்ன சொன்னனான் எண்டு பிள்ளைக்கு எப்பிடித் தெரியும்? எழுத்தாக்கிப் படத்துக்குள்ள போடுங்கோ."

"அதுக்கு மெசின் கொழும்பிலதான் இருக்கு மாமி."

ஞானமலர் அசையவில்லை. கொலின்ஸ் பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் ஒப்பாரியை எழுதி, தலைகீழாக நிறுத்திய சைக்கிளின் பின்சில்லில் ஒட்டினான். பெடலை மெல்லச் சுற்ற எழுத்து மேலே ஏறியது. கமராவில் ஓரமாக ரயரும் தெரிந்தது. போகட்டும் என்று விட்டான். எழுத்து வாசனை இல்லாத ஞானமலருக்குப் பெருமையாக வாசித்தும் காட்டினான்.

"என் இல்லத்தின் தீபமே, எங்ஙனம் எம்மைப் பிரிந்தீர்?"

"இது ஆர் கதைக்கிறது, பூசை வைக்கிற பாதரோ? 'சொல்வழி கேளாத மனிசா, காத்து மாறுது, போகாதை எண்டனானே' எண்டுதான் நான் அழுதனான்."

"ஏசினது வெளிநாட்டுக்கும் போகவேணுமோ மாமி?"

"போகவேணும். ஏசாட்டி அது நானில்லை எண்டு பிள்ளைக்குத் தெரியும்."

கொலின்ஸின் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் எழுதியதைக் கிழித்துப்போட்டு, கசெற்றைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, மூக்குச் சீறலைத் தவிர மற்றதெல்லாம் அப்படியே எழுதினான்.

சில மாதங்களின் பின் ஜேர்மனியிலிருந்து ஒரு கசெற் கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்தது. மண்ணெண்ணெய்ப் போத்தலும் கையுமாக ஞானமலர் ஓடிவந்தார். திரையில் நிறோஜன் ஒரு சைக்கிள் சில்லோடு உட்கார்ந்திருந்தான். அவன் அதைச் சுற்றச் சுற்ற, கொலின்ஸ் வாசித்தான்.

"அம்மா, இவ்வளவு காலமும் கடிதத்தில வேற ஆரோ கதைச்சவை. இப்பதான் நீங்கள் கதைச்சியள். அப்பாவுக்கு ஏசினதும் கேட்டுது. எழுதின அண்ணைக்கு என்ர கும்பிடு."

கடைசி வரியைக் கொலின்ஸ் இரண்டாம் தரமும் வாசித்தான். நல்லகாலம், இந்த மனுசி அன்றைக்குத் தன்னை விடவில்லை என்று நினைத்து உள்ளுக்குள் அவரைக் கும்பிட்டான்.

வாயைப் பொத்தப் போன கையை ஞானமலர் இறக்கினார்.

"கமராவை எடுங்கோ தம்பி. நான் அவனோட கதைக்கவேணும்."