வெட்டினால் சிம்பு வெடிக்கும்

செருப்பைக் காலில் மாட்டக்கூடப் பொறுமையில்லாமல் கையில் தூக்கிக்கொண்டு, சேலம் ஆஸ்பத்திரியின் பரிசோதனை அறையிலிருந்து பெரியம்மா விறுவிறுவென்று வெளியே வந்த காட்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மார்பில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. ஊசி குத்தித் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஊசியைக் கண்டதுமே படுக்கையை விட்டு இறங்கிவிட்டார். நான் கெஞ்சிக்கொண்டே பின்னால் ஓடினேன். ஏற்காடு பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“வெட்டுன எடத்துலதான் சாமி சிம்பு வெடிக்கும். செடிக்கே அப்படின்னா ஒடம்பு என்னத்துக்காகும்?”

பெரியம்மாவுக்குக் கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை. கவாத்து முடிந்தால் வெட்டுப்பட்ட கிளையில் கொத்துக் கொத்தாகப் பக்கத்துளிர் கிளம்பும். அதுதான் சிம்பு. அதை ஒடித்துப் போடுவது பெண்களின் வேலை. ஒடித்த இடத்திலேயே மறுபடியும் முளைக்கும். ஆயுசு முழுக்க அதையே பார்த்த கண்ணுக்கு, கத்தி பட்டால் எதுவும் பெருகும் என்பது சத்தியவாக்கு. அவர் மட்டுமா, எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் அந்த லைன் வீடுகளில் யாரைக் கேட்டாலும் இதே பாட்டுத்தான்.

கொடுமை என்னவென்றால், எனக்கு வேலையே இந்தப் புற்றுநோய் எழவைப் பற்றிய ஆராய்ச்சிதான். ஒரு செல் இரண்டாக வேண்டுமென்றால், முதலில் தன் டிஎன்ஏ முழுவதையும் படியெடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையை நடத்துவதற்கென்றே சில மரபணுக்கள் இருக்கின்றன. நல்ல செல்லில் அவை வேலை முடிந்ததும் அடங்கிவிடும். புற்றில் அடங்குவதில்லை. அவசர அவசரமாகப் படியெடுப்பதில் பிழைகள் சேரும். அந்தப் பிழைகளில் சில, இருந்த இடத்தை விட்டு எலும்புக்கும் ஈரலுக்கும் குடிபெயரும் தெம்பைக் கட்டிக்குக் கொடுத்துவிடும். கத்தியே படாவிட்டாலும் இத்தனையும் உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கும். நாளைக் கடத்துவதுதான் அதற்குத் தீனி. இதையெல்லாம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! சுவரில் போய் முட்டிக்கொண்டிருக்கலாம்.

“காப்பிப் பழம் எடுத்து முடியட்டும் கண்ணு” என்றார். பழம் எடுத்ததும் மிளகு. மிளகு முடிந்ததும் மாரியாயி நோம்பி. அக்குளில் நெறி கட்டிக் கையைத் தூக்க முடியாமல் போன பிறகுதான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். அதற்குள் அது எலும்புக்குப் போயிருந்தது.

கடைசி நாட்களில் ஒருநாள், கட்டிலில் கிடந்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டு, “நாஞ் சொன்னனில்ல? கத்தி வெச்சாங்க, பாரு, எலும்பு வரைக்கும் சிம்பு உட்டுருச்சு” என்றார். அந்த முகத்தில் ஜெயித்துவிட்ட களை! கோபத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. எழவு வீட்டுக்கு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். “ஆபரேசன் பண்ணாம இருந்திருந்தா இன்னும் நொம்ப நாளு இருந்திருக்கும்” என்று ஒருத்தர் ஆரம்பிக்க, மற்றவர்கள் தலையாட்டினார்கள். செத்தும் அவர் பேச்சுத்தான் எடுபட்டது.

போன வாரம் பெரியம்மாவின் மகள் மஞ்சக்குட்டையிலிருந்து போன் செய்தாள். அங்கேதான் அவளைக் கட்டிக்கொடுத்திருக்கிறது.

“அக்கா, எனக்கும் மார்ல கட்டியாட்டம் ஒண்ணு தட்டுப்படுதுங்க. ஊசி, கத்தி மட்டும் வேண்டாங்க்கா. அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு நீங்களே பாத்தீங்கல்ல?”

எனக்கு வந்ததே ஆத்திரம்! “உங்கம்மாவக் கத்தியாடி கொன்னுச்சு? பழம் முடியட்டும், மிளகு முடியட்டும்னு நாளக் கடத்துனதுதான்டி கொன்னுச்சு. உனக்கும் அந்தப் புத்திதானா?” என்று கத்தினேன். கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாளோ என்று போனைப் பார்த்தேன். இல்லை.

“மொதல்லயே கத்தி வெச்சிருந்தா அம்மா பொழச்சிருக்குமாங்க்கா?”

“பொழச்சிருக்கும்னுதான் நெனைக்கிறேன்.”

விம்மல் கேட்டது. பிறகு, “அப்ப ஏனுங்க்கா அன்னைக்கு ரெண்டு அடி போட்டாவது அதைப் படுக்க வெக்காம உட்டீங்க?” என்றாள்.

“அந்த ரெண்டு அடியையும் உனக்குப் போடத்தான் நாளைக்கு வரேன். கெளம்பி நில்லு” என்றேன்.

“வாங்க்கா” என்றாள். “நான் எந்திரிச்சு ஓடப் பாத்தா, புடிச்சுக்கோங்க.”