தேங்காய் நின்ற இடம்

2024 ஏப்ரல் 21, ஞாயிறு. காலை ஐந்தரைக்கு எழுந்து, கீழ்த்தொட்டியின் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பார்த்தேன். பாதிக்கும் கீழே. மோட்டாரைச் சிறிது நேரம் மட்டும் ஓடவிட்டேன். துடியலூரில் எங்கள் அடுக்ககச் சங்கத்துக்கு நான் செயலாளர் ஆனதிலிருந்து எல்லாக் காலைகளும் இப்படித்தான் தொடங்குகின்றன.

பத்து மணிக்குக் கூட்டம். எங்கள் ஆழ்துளைக் கிணறு வற்றிவிட்டதால் புதிதாக ஒரு போர் போட வேண்டும். முந்தைய நாள் நீரோட்டம் பார்ப்பவர் வந்து, உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு வளாகம் முழுவதும் நடந்தார். பின்சுவரோரம் தேங்காய் செங்குத்தாக எழுந்து நின்றது; அங்கே நீரோட்டம் என்று அர்த்தமாம். தலைவர் உடனே அங்கே சுண்ணாம்பால் வட்டம் போட்டுவிட்டார். திங்கள் காலை போர் வண்டி வரும் என்று கூட்டத்தில் அறிவித்தார்.

தலைவர் ஓய்வுபெற்ற நூற்பாலை மேலாளர். நல்லவர். போன கோடையில் எந்த வீட்டுக் குடமும் காலியாக இருக்கவிடாதவர்.

தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கும் பெண் கைக்குழந்தையோடு எழுந்தாள்.

“ஏனுங்கய்யா, அந்த வட்டத்துக்குப் பக்கத்துலதானுங்க செப்டிக் டேங்க் இருக்குது. எங்க ஜன்னலுக்கு நேரா. லாரி வந்து உறிஞ்சறப்ப ஜன்னலையே தொறக்க முடியாதுங்க.”

“தேங்கா நின்னுதே, பாக்கலையா அம்மணி?” என்றார் தலைவர்.

“நின்னுதுங்க. கீழ தண்ணி இருக்கும். அது எந்தத் தண்ணின்னு தேங்கா சொல்லலீங்களே!”

சிரிப்பு எழுந்தது. தலைவரின் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது.

“மொதல்ல சொந்த ஊடு வாங்கிப்போட்டு வாங்க. அப்பறம் யோசனை சொல்லலாம்.”

அவள் உட்கார்ந்துவிட்டாள். வாடகைக்காரர்கள் கூட்டத்தில் பேசுவது எங்கள் வழக்கமில்லை. “எல்லாருக்கும் சம்மதந்தானுங்களே?” என்றார் தலைவர். “சரிங்க, சரிங்க” என்று குரல்கள் வந்தன.

மதியம் நான் போய் அளந்து பார்த்தேன். வட்டத்துக்கும் செப்டிக் டேங்க் மூடிக்கும் இடையே ஒரு புடவை நீளம்கூட இல்லை. மாலையில் தலைவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

“தெரியுமுங்க அம்மணி,” என்றார். “குழிக்குள்ள கழிவு கசியாம கேசிங் பைப்பு எறக்கிப்போட்டா ஒண்ணும் ஆகாது. இனி எடத்தை மாத்துனா, அந்தப் புள்ள பேச்சைக் கேட்டு மாத்துனேன்னுதான பேசுவாங்க?”

அந்தப் பதில்தான் என்னைக் கலக்கியது. இடம் தவறு என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைச் சொன்னது யார் என்பதுதான் உறுத்துகிறது. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. பெரியவர் ஒன்று சொன்னால், சரிங்க என்று தலையாட்டிவிட்டுத்தான் யோசிக்கவே தொடங்குவோம். ஆண்டுக்கணக்கில் அதையே கேட்டுப் பழகிய காதுக்கு ஒரேயொரு ‘இல்லீங்க’ அவமானமாகப் படுகிறது. நல்லவராக இருப்பது மட்டும் தலைமைக்குப் போதவில்லை. அந்தக் கைக்குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுப்பதும் இந்தத் தண்ணீரைத்தானே.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக என் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டுபோய் அந்த வட்டத்தின்மேல் நிறுத்திப் பூட்டினேன். பக்கத்திலேயே நின்றுகொண்டு, அந்த ‘இல்லீங்க’வை நானே நேரில் சொல்லிவிட, போர் வண்டிக்கு முன்னால் தலைவர் வர வேண்டுமே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.