லட்டே கொடுத்திருக்கலாம்

கொச்சி மட்டாஞ்சேரியில் அரசு நடத்தும் அந்த முன்மாதிரி மேல்நிலைப் பள்ளியைக் குறை சொல்பவர்கள் உள்ளே போய்ப் பார்க்காதவர்கள். காலையில் கல்லூரிக்குத் தயார் செய்வார்கள், மதியம் ஒரு தொழில் கற்றுக் கொடுப்பார்கள். மூளைக்கும் கைக்கும் ஒரே கூரை. மாவட்டம் முழுக்கத் தேர்வு வைத்துப் பொறுக்கி எடுத்த பிள்ளைகள்தான் உள்ளே வர முடியும். அப்பா யார், அம்மா யார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமலேயே தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

மகா அப்படிப் பொறுக்கி எடுக்கப்பட்டவள். மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர் குடியிருப்பிலிருந்து அங்கே போன முதல் பிள்ளை. வீட்டில் பேசுவது தமிழ், எழுதுவது மலையாளம், கணக்கு மட்டும் இரண்டிலும் போடுவாள். தேவராப் பக்கம் பஸ்ஸில் போனபோது கப்பல் கட்டும் தளத்தின் கிரேன்களைப் பார்த்துவிட்டு, கப்பல் கட்டும் பொறியியல்தான் படிப்பது என்று முடிவு செய்திருந்தாள். அத்தனை பெரிய இரும்பு ஏன் முங்குவதில்லை என்று அம்மா பாண்டிச்செல்விக்கு விளக்குவாள்.

“அது முங்காமக் கெடக்கட்டும். நீ மொதல்ல கப்பக் கெழங்க முழுங்கு, ஆறிப் போவுது” என்பாள் பாண்டிச்செல்வி.

மகளுக்கு இடம் கிடைத்த சந்தோஷத்தில் அப்பா சுடலைமணிக்குப் பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. மற்ற அப்பாக்கள் லட்டு கொடுத்தார்கள். சுடலைமணி கொடுத்த லட்டு டப்பாவை இதுவரை எந்த வீட்டிலும் திறந்ததில்லை. சிரித்தபடி வாங்கி, அவர் தெரு முனை திரும்பும்வரை கையிலேயே வைத்திருப்பார்கள். அவர் செய்யும் வேலையை மட்டும் யாரும் வேண்டாமென்றதில்லை. ஆகவே குடியிருப்புக்காரர்கள் நன்றி சொல்லும் முறைப்படி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நீளமான மூங்கில் பிளாச்சைத் தோளில் போட்டுக்கொண்டு போய், வெகுநாளாக அடைத்துக் கிடந்த ஆசிரியர் கழிப்பறைச் சாக்கடையைக் குத்தி எடுத்துவிட்டு வந்தார். கூலி வாங்கவில்லை. திரும்பும் வழியில் தனக்குத்தானே ஒரு சாயா வாங்கிக் குடித்தார்.

பள்ளி அந்த நன்றியை மறக்கவில்லை. தொழில் ஒதுக்கும் நாளில் மகா எலக்ட்ரிக்கல் கேட்டாள். முதல்வர் கமலாக்ஷி டீச்சர் தமிழ் சினிமா பார்த்துத் தமிழ் கற்றவர், அன்பாகத்தான் பேசினார்.

“மோளே, உனக்கு பிளம்பிங் போட்டிருக்கு. உன் அச்சனோட வேலையை நான் கண்டதல்லே? அது உங்களுக்கு ரத்தத்திலேயே உண்டு.”

“எனக்கு எலக்ட்ரிக்கல்தான் இஷ்டம், டீச்சரே.”

“இஷ்டம் வேற, திறமை வேற.”

போகட்டும், மதியம்தானே என்று மகா விட்டுவிட்டாள். அவளுடைய கண் காலையில் இருந்தது. இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் ஒரே ஒரு கணக்குத் தேர்வு உண்டு. அதில் தேறியவர்கள் பொறியியல் நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் போவார்கள். மற்றவர்களுக்கு அதன்பிறகு காலையும் மதியமும் தொழில்தான். மறு தேர்வு கிடையாது. அந்த ஒரு காலைக்காக மகா விடுமுறை முழுவதும் உட்கார்ந்து படித்தாள்.

அதே காலையில்தான் மேலிடத்துப் பார்வைக் குழு வந்தது. இதேபோல இன்னும் பல பள்ளிகள் திறக்கலாமா என்று பார்க்க வந்த பெரிய மனிதர்கள். வந்ததும் இளநீர் குடித்தார்கள். குடித்த இளநீருக்கு வழி தேடிப் போன இடத்தில், விருந்தினர் கழிப்பறை பொங்கி நின்றது.

கமலாக்ஷி டீச்சர் சுடலைமணிக்குப் போன் போட்டார். அவர் பிளாச்சோடு சைக்கிளில் பறந்து வந்தார். ஆனால் அவர் வந்து சேர்வதற்குள் பிளம்பிங் ஆசிரியர் பிரதீஷுக்கு நல்ல யோசனை ஒன்று தோன்றியிருந்தது. குழு ஏதாவது செய்முறை பார்க்க வேண்டும் என்கிறது. செய்முறைதான் இதோ பொங்கிக்கொண்டிருக்கிறதே.

மகா மூன்றாவது கணக்கில் இருந்தபோது பிரதீஷ் சார் தேர்வு அறைக்கே வந்து அவளை வெளியே அழைத்தார்.

வராந்தாவில் சுடலைமணி வழிமறித்து நின்றார். “டீச்சர், நான் வந்துட்டேன்லா? அஞ்சு நிமிசத்துல எடுத்துருவேன். புள்ள பரீச்சை எழுதட்டும்.”

“சேட்டா, ஆளை வச்சு இது பண்ணினா சட்டப் பிரச்சினை. கண்டா குழுக்காரங்க என்னைச் சும்மா விடுவாங்களா?” கமலாக்ஷி டீச்சர் குரலைத் தாழ்த்தினார். “மோள் பண்ணினா அது பாடம்.”

“பாவம் டீச்சர். ஒரு வருசமாப் படிச்சிருக்கு.”

“நானும் அதுதான் சொல்றேன். படிச்சதைக் காட்டட்டும்.”

அப்பாவிடமிருந்து பிளாச்சை வாங்கி மகளிடம் கொடுத்தார்கள். சட்டப்படி மனிதரைக் குழிக்குள் இறக்கக் கூடாது. மகா இறங்கவில்லை, குனிந்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டே படமெடுத்தார்கள். பிரதீஷ் சார் பக்கத்தில் நின்று, அடைப்பு எப்படி உண்டாகிறது என்று ஆங்கிலத்தில் விளக்கினார். அடைப்பு விலகித் தண்ணீர் குபுகுபுவென்று இறங்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள். குழுவில் ஒருவர் மகாவுக்குக் கை கொடுக்க நீட்டிவிட்டு, நினைத்துக்கொண்டு கும்பிட்டார். சுடலைமணி மட்டும் கை தட்டவில்லை. ஒழுகும் பிளாச்சை இப்போது அவர் பிடித்திருந்தார்.

மகா முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு தேர்வு அறைக்கு ஓடினாள். வாசலில் இப்போது கண்காணிப்பு அதிகாரியாக நின்றவரும் பிரதீஷ் சார்தான்.

“வெளிய போனவங்க திரும்ப ஏற முடியாது, மோளே. ரூல்.”

“சாரேதானே என்னை விளிச்சது!”

“விளிச்சது டிரேட் சார். இப்ப நிக்கிறது எக்ஸாம் சார். ரூல் நான் உண்டாக்கினதா?” அப்புறம் காற்றை மோந்து பார்த்து, “உள்ள மத்த பிள்ளைங்களும் இருக்காங்கல்லே?” என்றார், மிக நாகரிகமாக.

பார்வைக் குழு புகழ்ந்து எழுதியது. மேலும் பல பள்ளிகள் வரப்போகின்றன. மகாவுக்குச் ‘சிறந்த தொழில்திறன் மாணவி’ கேடயம் கொடுத்தார்கள். அவளுடைய படம் பள்ளி வாசலில் ஆளுயரப் பலகையில் சிரிக்கிறது; சிரிப்பை மட்டும் வேறு படத்திலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இப்போது அவளுக்குக் காலையும் பிளம்பிங், மதியமும் பிளம்பிங். தேவராப் பக்கம் பஸ் போனால் கிரேன் தெரியாத பக்கமாகப் பார்த்து உட்காருகிறாள். ஆசிரியர்கள் வீட்டிலும் அடைத்துக்கொண்டால் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள், செய்முறைப் பயிற்சிக்காக. பயிற்சிக்குக் கூலி கிடையாது.

இந்த வருடம் குடியிருப்பிலிருந்து இன்னொரு பிள்ளைக்கு அங்கே இடம் கிடைத்திருக்கிறது. அதன் அப்பா சங்கிலிப்பாண்டியும் துப்புரவுப் பணியாளர்தான். பூரித்துப் போய்ச் சுடலைமணியிடம் வந்தார்.

“அண்ணே, ஸ்கூலுக்கு நம்மளால ஆனது ஏதாவது செய்யணும். ஞாயித்துக்கெழம பிளாச்ச எடுத்துட்டுப் போகட்டா?”

சுடலைமணி எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

“வா, கடைக்குப் போவோம். லட்டு வாங்கு.”

“நம்ம லட்ட அவங்க தின்ன மாட்டாங்களே, அண்ணே.”

“தின்ன வேண்டாம்லே. தூரத்தான் போடட்டும். நீ லட்டே குடு.”