பிரியும்போது புத்தகம் யாருக்கு

"…சேருறது விளங்குது. பிரியேக்கை புத்தகம் ஆருக்கு? அதை எங்கை எழுதியிருக்கிறியள்?"

பக்கத்து வீட்டு அண்ணை இதைச் சுவிஸ் ஜெர்மனில்தான் கேட்டார். என் காதில் அது தமிழாகத்தான் விழுந்தது. பாடசாலை மண்டபத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

எங்கள் ஊர் நூலகம் என்பது அந்தப் பாடசாலையில் ஓர் அறை. நான் வகுப்புக்குப் போய் ஜெர்மன் படித்தவனில்லை. ஹோட்டல் சமையலறை வேலை முடிந்து வந்து, அந்த அறையில் சிறுபிள்ளைகளின் படக்கதைகளைப் புரட்டிப் படித்தவன். இனி அந்த நூலகத்தை எங்கள் ஊர் தனியே நடத்த முடியாது என்றாகிவிட்டது. அதனால் அயலூர்கள் இரண்டோடு சேர்ந்து ஸ்வெக்ஃபெர்பாண்ட் ஒன்று அமைப்பதாக யோசனை. பல ஊர்ச்சபைகள் ஒரு வேலைக்காகச் சட்டப்படி சேர்ந்து அமைக்கும் கூட்டமைப்பு அது. அதற்கென்று விதிகளை எழுதிய தனி யாப்பு, தனி நிர்வாகம். மூன்று ஊரும் வாக்களித்து ஓம் சொல்லவேண்டும், பிறகு கன்டோன், அதாவது மாநில அரசு, அங்கீகரிக்கவேண்டும். ஓர் ஊர் மறுத்தாலும் எல்லாம் முடிந்தது. எங்கள் அறைக்கும் பூட்டுத்தான்.

மறுக்கக்கூடிய ஊர் எங்களுடையதுதான். பெரிய ஊர் எங்களை விழுங்கிவிடும் என்று பேக்கரி வரிசையில்கூடக் கதைத்தார்கள். யாப்பின் வரைவை விளங்கப்படுத்தத்தான் அன்று மாலை கூட்டம். முன்வரிசையில் இருந்த வயதான பெண்மணி ஒருவர் எழுந்து, எனக்கு இது பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்தார். பலர் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் அண்ணை இந்தக் கேள்வியோடு எழும்பினால் எனக்கு எப்படி இருக்கும்?

"அண்ணை, கலியாணவீட்டிலை வந்து விவாகரத்துக் கதைக்கிறியளோ?" என்றேன் மெதுவாக.

"தாலி கட்டமுதல் கதைக்காமல் எப்ப கதைக்கிறது?" என்றார் அவர், என்னைத் திரும்பியும் பாராமல்.

அவருக்கு இது சும்மா வந்த கேள்வி அல்ல. பல வருடங்களுக்கு முன் சூரிச்சில், லாங் ஸ்ட்ராஸ வீதிக்குப் பக்கத்தில் ஒரு கடைக்கு மேலே, எங்கள் ஆட்கள் தமிழ் வாசிகசாலை ஒன்று தொடங்கினார்கள். செயலாளர் அண்ணைதான். யாப்பை எழுதியதும் அவரே. பிரிவு வந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி எழுதப்போனவரை எல்லோருமாக மறித்தார்கள். நல்ல காரியம் தொடங்கும்போது அந்தச் சொல்லை வாயால் எடுக்கலாமோ என்றார்கள். அவரும் விட்டுவிட்டார். பிரிவு வந்தது. இரண்டு பகுதியும் புத்தகம் எங்களுடையது என்றது. தீரும்வரைக்கும் என்று பெட்டிகளை ஒரு நிலவறையில் பூட்டி வைத்தார்கள். அது தீரவேயில்லை. கடைசியில் கதவைத் திறந்தபோது எல்லாம் ஈரத்தில் ஒட்டிப் பூஞ்சணம் பிடித்திருந்தது. அவற்றைக் குப்பைக்கு ஏற்றியதும் அண்ணைதான்.

மேடையில் இருந்த ஊர்ச்சபைத் தலைவர் தாள்களைப் புரட்டினார். விலகுவதற்கு முன்னறிவித்தல் எவ்வளவு காலம் என்று இருக்கிறது, கடன்கள் பற்றி இருக்கிறது, புத்தகங்கள் பற்றி இல்லை என்று ஒப்புக்கொண்டார். மறைக்கத் தெரியாத மனிதர், பாவம்.

அப்போது அந்த முன்வரிசைப் பெண்மணி கதிரையோடு திரும்பி அண்ணையைப் பார்த்தார். தன் கணவர் சேர்த்த பறவைப் புத்தகங்கள் முழுவதையும் அந்த அறைக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். நாளைக்கு ஏதும் நடந்தால் அவை வேறு ஊரில் அகப்பட்டுவிடும் என்பதுதான் தன் பயம், அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் பிடிக்கவில்லை என்றேன் என்றார். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. தலைகள்தான் ஆடின.

தலைவர் அண்ணையிடம், அப்படியானால் நீங்களே அந்த வரியை எழுதித் தாருங்கள், வரைவில் சேர்க்கிறோம் என்றார்.

அண்ணையின் காது சிவந்தது. பேச்சுமொழியான சுவிஸ் ஜெர்மனில் யாரோடும் மல்லுக்கட்டுவார், ஆனால் எழுத்து ஜெர்மனில் ஒரு கடிதம் எழுத மகளைத்தான் கூப்பிடுவார். முழு மண்டபமும் பார்த்துக்கொண்டிருந்தது. நான் எழுதவோ என்று கேட்டேன்.

"நீ இரு, வாறன்," என்றார்.

முன்வரிசைக்கு நடந்துபோய் அந்தப் பெண்மணிக்குப் பக்கத்துக் கதிரையில் அமர்ந்தார். வரைவுத் தாளைத் திருப்பி அவருடைய மடியில் பேனாவோடு வைத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லத் தொடங்கினார்.