பக்கத்து வீட்டில் விட்டுவந்த வயர்

மட்டக்களப்பிலிருந்து வாகரைக்குப் போகும் வீதியில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவன் நான். எந்த வளைவில் மாடு படுத்திருக்கும், எந்த மதகு மழைக்கு முதலில் தாழும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அப்படிப்பட்ட எனக்கு, இங்கே திரும்பு, அங்கே திரும்பு என்று ஆங்கிலத்தில் கட்டளையிட ஒரு கையளவுப் பெட்டி வந்து சேர்ந்தது. வந்த அன்று எனக்கு ஏறிய கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இன்று அதைத் துணியால் துடைத்துச் சாமிப்படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

அது வரக் காரணமே நான்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு, படுவான்கரையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டு, மனைவியை ஏற்றிக்கொண்டு என் ஓட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தேன். மழை விட்டிருந்தது. வயல் வட்டைக்கு நடுவே ஒரு குறுக்குப் பாதை உண்டு. அதில் இறங்கினால் அரை மணி நேரம் மிச்சம்.

"மெயின் றோட்டால போவம். அதுக்குள்ள குழி கிடக்கும்" என்றாள் அவள்.

"எனக்குத் தெரியாத குழியா?" என்றேன்.

குழி தெரிந்த குழிதான். கணுக்கால் அளவு ஆழம் என்று எனக்கு நினைப்பு. மழை அதை இடுப்பளவு தோண்டி, மேலே தண்ணீரையும் நிரப்பி வைத்திருந்தது. முன்சில்லு இறங்க, ஓட்டோ புரண்டது. எனக்கு ஒரு கீறல் இல்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். சறுக்கியது நான், முறிந்தது அவளுடைய முள்ளந்தண்டு.

சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்குள் நடக்கத் தொடங்கினாள். ஆனால் கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது, படுத்துவிட வேண்டும். அதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. நான் ஓட்டும் எந்த வாகனத்திலும் அவள் ஏற மறுத்துவிட்டாள். ஏசவில்லை, அழவில்லை. கிளினிக்குக்குப் போக வேண்டிய நாட்களில் வேறொரு வாடகை வான்காரருக்குச் சொல்லி அனுப்புவாள். நான் வாசலில் நின்று கேற்றைத் திறந்து விடுவேன்.

ஜெர்மனியிலிருந்து லீவில் வந்த மகன்தான் இதற்கு வழி கண்டான். ஓட்டோவை விற்று ஒரு பழைய வானை வாங்கினோம். பின்சீற்றுகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் அடித்து, ஸ்பொஞ் மெத்தை போட்டு, மூலையில் காஸ் அடுப்பும் தண்ணீர்க் கானும் வைத்து படுத்துச் சமைத்துப் பயணம் போகும் கரவன் வண்டி மாதிரி ஆக்கினோம். மகன் அங்கே தன் குடும்பத்தோடு கரவனில் ஊர் சுற்றுகிறவன். அவன் பாவித்துக் கழித்த வழிகாட்டிப் பெட்டியில் இலங்கை வரைபடத்தை ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். வாகனத்தின் உயரம், நீளம், பாரம் எல்லாவற்றையும் அதற்குக் கொடுக்க வேண்டும். பிறகு ஒடுக்கமான ஒழுங்கை, பதிந்த பாலம், தார் போடாத பாதை ஒன்றுக்குள்ளும் அது நம்மை விடாதாம். நாங்கள் அளவு நாடா பிடித்து வானை அளந்துகொண்டிருந்தபோது, வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தவள் தலையைத் தூக்கினாள்.

"அது சொல்லுற பாதையாலதான் இவர் ஓடுவாரோ?" என்று மகனைக் கேட்டாள்.

"ஓமம்மா, ஓடுவார்."

"அது சொல்லாத ஒரு ஒழுங்கைக்குள்ளயும் திரும்பக் கூடாது. அப்பிடியெண்டா ஏறுறன்."

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காலில் விழுந்தாவது சம்மதித்திருப்பேன்.

முதல் பயணம் வாகரைக்கு. சுனாமியில் வீடிழந்த அவளுடைய தங்கை, எத்தனையோ வருடம் கழித்து ஒரு கல்வீடு கட்டி முடித்திருந்தாள். குடிபூரலுக்கு அக்கா வராவிட்டால் பால் காய்ச்ச மாட்டேன் என்று தங்கை சொல்லியிருந்தாள். மகன் திரும்பிப் போயிருந்தான். நாங்கள் விடிய வெளிக்கிட வேண்டும், பஞ்சாங்கத்தில் அது கெட்ட நேரம். இதற்கெல்லாம் எங்களிடம் ஒரு வழி உண்டு. முதல்நாளே நல்ல நேரத்தில் பயணச் சாமான் ஒன்றை எடுத்துப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. வழக்கமாக ஒரு உடுப்புப் பையை வைப்பார்கள். மனைவியோ, வழி காட்டப் போவது அதுதானே என்று பெட்டியையே வைக்கச் சொன்னாள். பின்னேரம் அதற்குச் சந்தனப் பொட்டிட்டு, அதன் வயரையும் சேர்த்து வெற்றிலைத் தட்டத்தில் வைத்து, வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன்.

விடிய அக்கா அதைத் திருப்பித் தந்தார். கும்பிட்டு வாங்கி, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு புறப்பட்டோம். இருபத்தாறு வருட சேர்விஸில் அவ்வளவு மெதுவாக நான் ஓட்டியதில்லை. படுத்திருந்தவளுக்கு யன்னலில் தெரிந்தது வானமும் மின்கம்பியும்தான். பெட்டியின் குரலை வைத்துத்தான் அவள் வீதியைப் பார்த்தாள். கல்லடிப் பாலம், ஏறாவூர், செங்கலடி என்று ஒவ்வொன்றாக ஊகித்துக்கொண்டு வந்தாள். வாழைச்சேனையை அது வெள்ளைக்காரி வாயால் கடித்துத் துப்பியபோது, "வடிவாச் சொல்லு பிள்ள" என்று திருத்தினாள். அவள் சிரித்து நான் கேட்டு இரண்டு வருடமாகியிருந்தது.

ஓட்டமாவடிப் பாலம் தாண்டியதும் பின்னாலிருந்து கேள்வி வந்தது.

"ஏன் அந்தப் பிள்ளைட சத்தத்தக் காணல்ல?"

சார்ஜ் இறங்கித் திரை கறுத்துக் கிடந்தது. வானின் மின்சாரத்தில் குத்தும் வயரைத் தேடினேன். பை, உடுப்புப் பெட்டி, மெத்தைக்கு அடி, எங்கும் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் எடுத்தேன். "ஐயோ தம்பி, அது தட்டத்தில கிடக்கு. வெத்திலைக்குக் கீழ" என்றார். நல்ல நேரத்தில் புறப்பட்ட வயர் அங்கேயே தங்கிவிட்டது.

எங்களிடம் இருந்ததோ வழி காட்டத் தெரியாத பொத்தான் போன். ஓரமாக நிறுத்தி, அப்போதுதான் கதவு திறந்துகொண்டிருந்த ஒரு போன் கடைக்காரரிடம் பெட்டியைக் காட்டினேன். "இது பழைய மொடல் அண்ணே, இந்த வயர் இப்ப வாறல்ல" என்றவர், வானுக்குள் படுத்திருந்தவளைக் கண்டதும் உள்ளே போய் ஒரு பிளேன்ரீ கொண்டுவந்து தந்தார். "பின்னேரம் திரும்பி வரக்குள்ள நில்லுங்க, எங்கயும் தேடிப் பாக்கிறன்" என்றார்.

வாகரைக்கு அங்கிருந்து ஒரே வீதி, கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் போவேன். அந்தப் பேச்சை வாயில் எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"திரும்புவமா?" என்றேன்.

அவள் தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையை நீட்டினாள். பிறகு சொன்னாள்: "தங்கச்சி பாத்துக்கொண்டிருப்பாள். அந்தப் பிள்ள சொன்ன மாதிரி நீங்க சொல்லிச் சொல்லி ஓடுங்க."

சொன்னேன். இருநூறு மீற்றரில் மாடு. நூறு மீற்றரில் வீதியின் அரைவாசிக்கு நெல் காயப் போட்டிருக்கு, வலப்பக்கம் எடுக்கிறேன். இடப்பக்கம் கடல் மாதிரித் தெரியும், அது களப்பு. முப்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தியும், நான் தினம் போன வீதியைப் பற்றி அவளுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தங்கை வீட்டுக்குப் போக, பெரிய வீதியிலிருந்து ஒரு கிரவல் ஒழுங்கைக்குள் திரும்ப வேண்டும். அந்தப் பெட்டி உயிரோடு இருந்தால் ஒருபோதும் விட்டிராத பாதை. முடக்கில் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினேன். வீட்டுப் படலை வரை நடந்தேன். தண்ணீர் நின்ற குழிகளுக்குள் ஒரு தடியை விட்டுப் பார்த்தேன். மொத்தம் ஏழு. திரும்பி வந்து அவளிடம் சொன்னேன்.

"போங்க" என்றாள்.

ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே உருட்டினேன். நாலாவது வந்தது.

"இது ஆழம், முழங்கால் அளவு. ஓரத்தால எடுக்கிறன்" என்றேன். பிறகு, இரண்டு வருடமாகத் தொண்டைக்குள் கிடந்தது தானாக வெளியே வந்தது. "அண்டைக்கும் நான் இறங்கிப் பாத்திருக்கணும்."

வான் குழியைத் தாண்டியது.

"அஞ்சாவது எங்க கிடக்கு?" என்று கேட்டாள்.

எனக்குக் கண் மறைத்தது. துடைத்துவிட்டுத்தான் அஞ்சாவதைக் காட்டினேன்.

படலையில் தங்கை ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கைத்தாங்கலாகக் கூட்டிப் போய்ப் பாயில் படுக்க வைத்தார்கள். பால் பொங்கி வழிந்ததை மனைவி படுத்தபடியே பார்த்தாள். அந்தப் பெட்டி இல்லையென்றால் அவள் வானில் ஏறியிருக்கவே மாட்டாள். வயரை மறக்காவிட்டால் நான் வாய் திறந்திருக்கவே மாட்டேன். பெட்டிக்கும், அதைக் கொண்டுவந்த மகனுக்கும், வெற்றிலைத் தட்டத்துக்கும் நான் நன்றிக்கடன் பட்டவன்.

பின்னேரம் ஓட்டமாவடியில் நின்றோம். கடைக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. யாரோ உறவினர் வீட்டிலிருந்து ஒரு பழைய வயரைத் தேடி வாங்கி வைத்திருந்தார். குத்தியதும் திரை வெளிச்சமானது. அந்தப் பிள்ளை தெளிவாக, நேரே போகச் சொன்னாள்.

"அதுட வாயக் கொஞ்சம் மூடுங்க" என்றாள் மனைவி, பின்னால் படுத்தபடி. "அதுக்குக் குழி தெரியாது. நீங்க சொல்லுங்க."